விஞ்ஞானிக்கு உரிய தோற்றம் எது?

கற்றவரைக் கண்டதும் அவர் கற்றதை வினாவாது, உடுத்ததை நோக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. விஞ்ஞானத் துறையினர் இதற்கு விலக்கல்லர். ஆணாயின் தலை கலைந்திருந்தாலும் குற்றமில்லை; ஐன்ஸ்ரைனின் சீவாத தலைமயிரையே மேதைமையின் இலச்சினையாக உலகம் போற்றவில்லையா? அதே தலையுடன் பெண் விரிவுரையாளர் ஒருவர் மண்டபத்துள் நுழைவாராயின், தம்மைப் பேணத் தெரியாதவர் ஆகிவிடுவார். நன்கு உடுத்து வந்தாலோ, இவருக்கு ஆய்வு செய்ய நேரமேது என்பர். அழகில்லையெனக் கண்டால், 'அதனாலேதான் படித்தார்' என்பர். எவ்வழி சென்றாலும் அவருடைய ஆய்வு மட்டும் எவர் வாயிலும் வாராது.

இது வெறும் ஊர்ப்பேச்சு என்று தள்ளுதல் இயலாது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழக உளவியலாளர், உண்மையான விஞ்ஞானிகளின் 80 ஒளிப்படங்களைப் பலருக்குக் காட்டினர். பெண்மைத் தோற்றம் மிகுந்த பெண்களை விஞ்ஞானியென நம்பப் பார்த்தோர் தயங்கினர். ஆண்களுக்கு அத்தகைய இடர் நேரவில்லை. அடுத்த ஆண்டு இங்கிலாந்து ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இன்னும் விந்தையானது. கவர்ச்சியான முகமுடையவரின் ஆய்வை அறிய மக்கள் ஆவல் கொள்கின்றனர். ஆனால் சிறந்த விஞ்ஞானி யாரென வினவின், கவர்ச்சி குறைந்தவரையே சுட்டுகின்றனர்!

விஞ்ஞானிகளாவது இதற்கு மேம்பட்டவரோ எனின், அதுவுமில்லை. றோசலின்ட் பிராங்கிளினின் ஆய்வுகூடத்தில் 1952இல் எடுக்கப்பட்ட ஊடுகதிர்ப்படம், டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டறிவதற்குப் பெருந்துணை செய்தது. அவர் அறியாமலே அது ஜேம்ஸ் உவாற்சனுக்குக் காட்டப்பட்டது. 1968இல் உவாற்சன் எழுதிய 'இரட்டைச் சுருள்' என்னும் நூலோ, அவ்வம்மையார் உதட்டுச் சாயம் பூசாமையையும் உடையையும் தலைமயிரையும் பற்றிக் குறைகூறுகின்றது. அவர் மறைந்து அப்போது பத்தாண்டுகள். மறுமொழி கூற அவர் இல்லை. உவாற்சன் உதட்டுச் சாயம் பூசினாரா என்று எவரும் வினாவியதாகத் தெரியவில்லை.

'தோற்றத்தில் ஒழுங்கிருப்பின் சிந்தனையிலும் ஒழுங்கிருக்கும்' என்பது நம்மவர் அடிக்கடி கூறும் சமாதானம். 2016 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம், மாணவிகள் வெள்ளிக்கிழமைகளிற் சேலை அணியவேண்டுமென்றும் மாணவர் தாடியுடன் விரிவுரைக்கு வரலாகாதென்றும் அறிவித்து, கண்டனத்துக்கு உள்ளாகியது. அறிவிப்பு கலைப்பீடத்தினுடையதாயினும், அதன் மனப்பாங்கு விஞ்ஞானங் கற்போரிடையே இல்லையெனக் கூறமுடியாது. எரியும் பன்சன் சுடரின்மேல் முந்தானை தொங்க நிற்கும் ஒருத்தியைக் கண்ணியமானவள் என்று மெச்சுபவர், ஆய்வுகூடத்தில் ஒருநாளேனும் வேலை செய்தவராக இருத்தல் அரிது.

இத்தகையோர் பண்பாட்டைத் துணைக்கழைத்து, டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனையும் சான்று காட்டக்கூடும். 1847இல் இங்கு வந்து, வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் மேலைமருத்துவங் கற்பித்து, பின்னர் அதனைத் தமிழிலேயே போதித்த அப்பெரியார், தம் மாணாக்கர் ஐரோப்பிய உடைக்கும் வாழ்க்கைக்கும் மாறுவதை விரும்பவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர் அஞ்சியது யாது? சொந்த ஊரிலேயே அவர்கள் அந்நியராகி விடுவர் என்பதையே. நோயாளி அணுகத் தயங்கும் வைத்தியர் எத்துணை கற்றும் பயன் என்ன? உடை பற்றிய அவரது கருத்து, மாணாக்கர் தம் மக்களிடமிருந்து விலகிவிடலாகாது என்னும் கவலையிலிருந்து பிறந்தது, வெள்ளிக்கிழமையிலிருந்து பிறக்கவில்லை. அவருடைய மாணாக்கரின் வழிவந்தோரோ கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தே தம்மை டொக்டரென நிலைநாட்ட முயன்றனர் என்பது வேறு கதை.

தொழில் வேண்டுவதைத் தொழிலே கூறும். அமிலத்தருகே கண்ணாடி அணிக. இயந்திரத்தருகே கூந்தலை முடிக. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நகைகளைக் கழற்றுக. இவை ஆணுக்கும் பெண்ணுக்கும், அழகர்க்கும் அல்லார்க்கும் பொது. இவற்றுக்கு அப்பால் ஒருவருடைய நிறம், தாடி, சேலை, சட்டை என்பவற்றில் விஞ்ஞானத்துக்கு யாதொரு அலுவலுமில்லை.

நமது மேடைகளும் திருந்தவேண்டியவையே. பெண் பேராசிரியர் ஒருவரை அடுத்தமுறை அறிமுகஞ் செய்பவர், 'எளிமையான தோற்றம், மாறாத புன்னகை' என்னும் பல்லவியை விடுத்து, அவர் எதனைக் கண்டறிந்தார் என்பதை முதல் வாக்கியத்திலேயே கூறட்டும். அதற்கு அவருடைய ஆய்வை முன்னரே வாசித்திருக்க வேண்டும். சங்கடம் அங்கேதான் இருக்கின்றது.