தொகுதி எல்லையும் பார்பரா ஜார்டனும்

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் வழக்கறிஞர்கள் இடம்பெறுவது நெடுநாள் வழக்கம். எனினும் பார்பரா ஜார்டன் 1959இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்று, டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனுக்குத் திரும்பிப் பெற்றோர் வீட்டின் உணவு மேசையில் தொழில் தொடங்கியபோது, கறுப்பினப் பெண் ஒருவர் அம்மாநில மேலவைக்குள் நுழைவதைத் தேர்தல் விதிகளே ஏறத்தாழ இயலாததாக்கி வைத்திருந்தன.

1962இலும் 1964இலும் அவர் மாநிலக் கீழவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஹாரிஸ் கவுன்டி, அதாவது ஹூஸ்டனை உள்ளடக்கிய நிர்வாக மாவட்டம், முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களித்ததால், கறுப்பினத்தவர் செறிந்து வாழ்ந்த பகுதிகளில் அவர் பெற்ற ஆதரவு பெரும்பான்மை வெள்ளையர் வாக்குகளில் கரைந்துபோனது. மேலவையிலோ, எவ்வளவு மக்கள்தொகை இருந்தாலும் ஒரு கவுன்டிக்கு ஓர் உறுப்பினருக்கு மேல் கூடாது என்று மாநில அரசமைப்பு வரையறுத்திருந்தது. தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்று கூட்டாட்சியின் உச்ச நீதிமன்றம் 1964இல் அளித்த தீர்ப்பு இவ்வரம்பைத் தகர்த்தது. வாக்களிப்பதற்கு முன்நிபந்தனையாக விதிக்கப்பட்ட தலைவரியும் டெக்சஸ் மாநிலத் தேர்தல்களில் 1966இல் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் வென்றார். 1883க்குப் பிறகு அந்த மேலவையில் அமர்ந்த முதல் கறுப்பின உறுப்பினர் அவரே.

1974இல் அமெரிக்க அதிபர் நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையின்போது நாடாளுமன்ற உறுப்பினராக அவர் ஆற்றிய உரையையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய மேலவை ஆண்டுகளே அவரது திறனின் உண்மையான சான்று. வழக்கறிஞருக்குரிய நடைமுறை நுணுக்கத்தோடு அவர் அவை விதிகளைக் கற்றார். 31 உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தாலன்றி ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்க இயலாத மரபு நிலவியதால், தடுப்பதற்கு 11 பேர் போதும் என்பதை உணர்ந்து, வாக்காளர் பதிவைக் கடினமாக்கும் மசோதா ஒன்றை அவர் முடக்கினார். மாநிலத்தின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் அவரது உழைப்பு உண்டு. 1972இல் சக உறுப்பினர்கள் அவரை அவையின் இடைக்காலத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

ஆயினும் ஒரு கேள்வியை அவரைப் போற்றுவோரும் தவிர்க்கலாகாது. 1971இல் தொகுதிகளை மறுவரையறை செய்த பணியில் அவருக்கும் பங்கிருந்தது. அதில் ஹூஸ்டனில் உருவான புதிய நாடாளுமன்றத் தொகுதி அவருக்கு வாய்ப்பாக அமைந்தது, அவரது மேலவைத் தொகுதியோ சிதறடிக்கப்பட்டது. அவரை எதிர்த்துப் போட்டியிட்ட கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் கர்டிஸ் கிரேவ்ஸ் இதை வெளிப்படையாகவே கண்டித்தார். வாஷிங்டனில் ஜார்டனின் குரல் தேவையாயிருந்தது என்பது சரியே. ஆனால் அவர் 1973இல் வெளியேறியதிலிருந்து 1983இல் கிரெய்க் வாஷிங்டன் பதவியேற்கும் வரை, டெக்சஸ் மேலவையில் கறுப்பின உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.