சிறுவர் திரட்டும் நிதி

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2007 டிசம்பரில் செய்த தீர்மானத்தின்படி, 2008 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் தேதி உலக ஆட்டிசம் விழிப்புணர்வு தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. அதனையொட்டிப் பல தேசங்களில் பாடசாலைச் சிறுவர் சிறுமியர் பலகாரம் விற்றும், நடைப்பயணம் சென்றும், உண்டியல் ஏந்தியும் பொருள் திரட்டுகிறார்கள். பரோபகார சிந்தை இளமையிலேயே வேரூன்றுவது தேசத்துக்கு நன்மையே. இம்முயற்சியை மனமார வரவேற்கும் நாம், அச்சிறுவர்களை அனுப்பிவைக்கும் பெரியோர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ஆட்டிசம் தொற்றுநோயன்று, பெற்றோர் வளர்ப்பின் குற்றமுமன்று. தாயின் அன்புக் குறைவே காரணமென்று ஒரு காலத்தில் மேனாட்டு நிபுணர் சிலர் கூறியது பொய்யென நிரூபணமாகிவிட்டது. தடுப்பூசியின்மேல் பழிபோட இடந்தந்து 1998இல் லண்டன் வைத்தியப் பத்திரிகையொன்றில் வெளிவந்த கட்டுரையை, 2010இல் அப்பத்திரிகையே வாபஸ் பெற்றது. பேச்சிலும் பழக்கத்திலும் புலனுணர்விலும் பிறரினின்று வேறுபட்டு வளரும் மூளையின் இயல்பே ஆட்டிசம். 2021ஆம் ஆண்டில் உலகில் 127 பேருக்கு ஒருவர் இவ்வியல்புடையவர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. ஆகவே உண்டியலில் காசு போடுகிறவர் இரங்கிப் போட்டால் மட்டும் போதாது, அறிந்து போடவேண்டும்.

இந்தியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊனங்களின் பட்டியலிலே ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 21 வகைகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்தது. சர்க்காரின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளச் செய்வதற்கு சர்க்கார் முயலவேண்டுமென்றும், அதற்குரிய பயிற்சி பெற்ற உபாத்தியாயர்களை நியமிக்கவேண்டுமென்றும் அச்சட்டம் கூறுகிறது. சட்டம் உரிமையென்று சொன்னதைப் பிச்சையாக்குதல் தகாது. சிறுவரின் காசு சர்க்காரின் கடமைக்கு ஈடாகாது.

1934இல் காந்தியடிகள் தமிழ்நாடெங்கும் யாத்திரை செய்து ஹரிஜன நிதி திரட்டினார். அந்நிதி எவ்வளவு பெருகியிருப்பினும், 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தின் வாயில் திறவாதிருந்தால் அந்த தர்மம் என்னவாகியிருக்கும்? இரண்டு விஷயங்களும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை, படிப்பினை ஒன்றே. பொருள் கொடுப்பது எளிது. பக்கத்தில் இடங்கொடுப்பதே அரிது. விழிப்புணர்வுக்கும் ஏற்புக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

ஆதலின், திரட்டிய பணத்தின் வரவுசெலவுக் கணக்கு அச்சிறுவர்களின் முன்னிலையிலேயே படிக்கப்படவேண்டும். ஆட்டிசமுள்ள குழந்தைகளை மேடையில் நிறுத்திக் காட்சிப் பொருளாக்காமல், அவர்களுள் விருப்பமுள்ளோரை அம்முயற்சியிலேயே பங்காளிகளாக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்டியலுடன் மாணவரை அனுப்பும் ஒவ்வொரு பாடசாலையும், சென்ற ஆண்டில் ஆட்டிசமுள்ள குழந்தைகள் எத்தனை பேரைச் சேர்த்தது, எத்தனை பேரைத் திருப்பியனுப்பியது என்பதைப் பகிரங்கமாகச் சொல்லவேண்டும். வாயிலை மூடிக்கொண்டு வீதியில் தர்மம் கேட்பது பாடசாலைக்கு அழகன்று. குழந்தைகள் தங்கள் கடமையைச் செய்கிறார்கள். பெரியோர்களும் சர்க்காரும் தங்கள் கடமையைச் செய்ய முன்வருவார்களாக!