கிருமி இல்லை, எரிச்சல் போகவில்லை!

நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் சில நேயர்கள் மனத்தில் உள்ளதைச் சொல்வார்கள். சுங்கை சிப்புட் தோட்டத்தில் வளர்ந்து ஈப்போவில் வேலை செய்யும் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அண்ணே, ஆண்குறிப் பக்கம் ஒரே எரிச்சல். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிச்சாச்சு. கிருமி இல்லைங்கிறாங்க. ஆனா எரிச்சல் போகல."

பயத்தில் கல்யாணப் பேச்சையே தள்ளிப் போட்டிருக்கிறார்.

"ஏதாவது பூசுறீங்களா?" என்றேன். நண்பர் கொடுத்த அரிப்பு கிரீமாம். ஆறு மாதமாகப் பூசுகிறார்!

இப்படிப்பட்ட பல கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். விதைப்பைத் தோல் மெல்லியது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முன்கைத் தோலைவிட அது சுமார் 40 மடங்கு உறிஞ்சுவதாக 1967லேயே ஓர் ஆய்வு காட்டியது. முதலில் சுகமாக இருக்கும். நாள்பட்டால் தோல் சிவந்து எரியும். நிறுத்தினால் இன்னும் எரியும், மறுபடி பூசத் தோன்றும். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, இந்தியா 2018இல் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை விதித்தது.

கிரீம் மட்டுமே காரணமல்ல. சோப்பு, கிருமிநாசினி, ஆணுறை ரப்பர் ஒவ்வாமை, தோல் நோய், நரம்புக் கோளாறு என வேறு காரணங்களும் உண்டு.

ஆகவே தம்பிகளே, பூசிய கிரீமை மறைக்காமல் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். அரசாங்க கிளினிக்கில் நமக்கு 1 ரிங்கிட்தான். "கிருமி இல்லை" என்றால் "நோய் இல்லை" என்று அர்த்தமல்ல. நீங்கள் தப்பு செய்தீர்கள் என்றும் அர்த்தமல்ல.