வேலூர்க் கோட்டையும் வேடியப்பன் கல்லும்

திருப்பத்தூர் எந்த நாட்டின் எல்லை என்று ஒருவர் கேட்டால், எந்த நூற்றாண்டில் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். பல்லவர் நாளில் அது பல்லவருக்கும் கங்கருக்கும் இடைப்பட்ட நிலம். 1767ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலக் கும்பினியின் படையும் மாறி மாறிக் கைப்பற்றிய ஊர். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாரமகால் கும்பினியின் கைக்குப் போனபோது, புதிய துரைத்தனம் வந்தமர்ந்த இடம். 1911 வரையில் சேலம் மாவட்டத்தின் வடகோடி. பின்னர் வட ஆர்க்காட்டின் ஒரு கோடி. 2019 முதல் தன் பெயராலேயே ஒரு மாவட்டம். இன்றும் வடக்கே ஆந்திரத்தின் எல்லை.

ஆட்சிகள் மாறின; கொடிகள் மாறின; நில வரைபடத்தில் கோடுகள் மாறின. கோடு மாறியபோதெல்லாம் குருதி சிந்தியவன் மட்டும் மாறவில்லை. அவன் அதே உழவன், அதே ஆயன், அதே மலைமகன். இதுதான் எல்லைநாட்டின் வரலாறு. இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதே நம் கேள்வி.

சுற்றுலா எங்கே போகிறது?

ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிகள் சுற்றுலா நடத்துகின்றன. பெற்றோர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பணம் தருகின்றனர். பேருந்து புறப்படுகிறது. ஏலகிரியில் படகு, பூங்கா, தின்பண்டம். அடுத்த ஆண்டு வேலூர்க் கோட்டை, அங்குள்ள அருங்காட்சியகம். போகட்டும், வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்த கோட்டையைக் காணாத பிள்ளை, விடுதலை வரலாற்றின் முதல் ஏட்டைப் படிக்காத பிள்ளை அன்றோ!

ஆனால், காட்டுகிற முறையைப் பாருங்கள். எந்தக் கோட்டைக்குப் போனாலும், எந்தக் காட்சிசாலைக்குப் போனாலும், வழிகாட்டியின் பேச்சு பெரும்பாலும் ஒரே வாய்பாடு. இந்த மதிலைக் கட்டியவர் இன்னார். இந்த வாளை ஏந்தியவர் இன்னார். இந்தக் கட்டிலில் படுத்தவர் இன்னார். மதிலுக்குக் கல் சுமந்தவன் யார்? வாள் வெட்டில் விழுந்தவன் யார்? கட்டிலுக்கு மரம் வெட்டிய காடு எது? கேட்கக் கூடாது. கேட்டால் "நேரமாகிறது, வரிசையில் நில்லுங்கள்" என்பதே விடை. பிள்ளைகள் வரிசையில் நிற்கக் கற்கின்றனர், வரலாற்றைக் கற்கவில்லை!

சவ்வாது மலைக்கும் பேருந்துகள் ஏறுகின்றன. காவலூர் வானாய்வு நிலையத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் காணப் பிள்ளைகள் போகின்றனர். நன்று, மிக நன்று. 1977இல் யுரேனசுக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதைக் கண்ட நோக்குகளில் காவலூருக்கும் பங்குண்டு. அதை எண்ணி நாம் பெருமிதம் கொள்கிறோம். ஆனால், கோடானு கோடிக் கல் தொலைவில் உள்ள வளையத்தைக் காணப் போகும் பேருந்து, வழியில் புளியமரத்தடியில் நிற்கும் கல்லின் முன் ஒரு நிமிடம் நிற்பதில்லையே! வானத்தை அளக்கக் கண்ணுண்டு. வாசலில் நிற்கும் வரலாற்றைக் காணக் கண்ணில்லையா?

கல் சொல்லும் கதை

அது என்ன கல்? நடுகல், தோழர்களே! சவ்வாது மலையைச் சுற்றிலும், திருப்பத்தூர், செங்கம், ஊத்தங்கரைப் பக்கங்களிலும், ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நிற்கின்ற வீரக்கல். வில்லை வளைத்தபடி ஒருவன். வாளை ஓங்கியபடி ஒருவன். உடலில் அம்பு தைத்த நிலையில் ஒருவன். ஊரின் மாட்டு மந்தையைப் பகைவர் கவர்ந்து சென்றபோது மீட்கச் சென்று மாண்டவர்கள் இவர்களுள் பலர். புலியோடு போரிட்டு மாண்டவர்களும் உண்டு. வெட்சி என்றும் கரந்தை என்றும் இலக்கணம் வகுத்தது தமிழ். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் பிரித்துரைத்தது. தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மாணவன், அந்த இலக்கணத்துக்கு இலக்கியமாக நிற்கும் கல் தன் ஊர் எல்லையில் இருப்பதை அறியாமலே மதிப்பெண் வாங்கிவிடுகிறான்!

1972ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை "செங்கம் நடுகற்கள்" என்ற நூலை வெளியிட்டது. அந்த வட்டாரத்து எடுத்தனூர்க் கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமை மந்தைக்காகப் போரிட்டு மாண்டான். வட்டெழுத்தில் அவன் பெயர் வெட்டப்பட்டது. அதோடு முடிந்ததா? இல்லை. அவனுடைய நாயும் கல்லில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற கதையும் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

எண்ணிப் பாருங்கள்! மாமல்லபுரத்துக் குகைக்கோயில்களில் மன்னர் பெயர் இருக்கிறது. உளி பிடித்த உழைப்பாளிகள் அனைவரின் பெயரும் எங்கே இருக்கிறது? இந்த எல்லைநாட்டிலோ, எருமை மேய்த்தவன் பெயர் இருக்கிறது. அவன் நாயின் பெயரும் இருக்கிறது. மன்னன் பெயர் இங்கே ஆண்டைக் குறிக்கும் அடையாளம் மட்டுமே! பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் எளியவனுக்கு எழுத்தால் மதிப்பளித்த நாகரிகம் உலகில் எத்தனை? இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லப் போகிறோம் நம் பிள்ளைகளுக்கு?

மக்கள் இக்கற்களை மறந்துவிடவில்லை. வேடியப்பன் என்று பெயரிட்டு எண்ணெய் வார்த்துப் பொங்கல் வைக்கின்றனர். படித்தவர் மறந்ததைப் பாமரர் காத்தனர். ஆயினும், எழுத்து எண்ணெய்ப் பிசுக்கில் மூழ்கிவிட்டது. பெயர் போய்த் தெய்வம் மட்டும் நிற்கிறது. மாண்ட மனிதனை மீண்டும் மனிதனாக அறிமுகம் செய்வதே கல்வியின் வேலை.

கணக்கும் காடும்

எல்லையின் கதை வில்லோடும் வாளோடும் முடியவில்லை. செங்கம் கணவாய் ஆநிரை கவர்ந்தோர் போன வழி; அதே கணவாயில் 1767 செப்டம்பரில் ஐதரின் படையும் கர்னல் சுமித்தின் படையும் மோதின. அவ்வாண்டு நவம்பரில் திருப்பத்தூரும் வாணியம்பாடியும் மீண்டும் ஐதர் கைக்கு வந்தன. ஆம்பூர்க் கோட்டை முற்றுகைக்கு ஆளானது. நூல்கள் படைத்தலைவர்களின் பெயரை அடுக்குகின்றன. இரு படைக்கும் தானியம் கொடுத்து, இரு படைக்கும் மாடு கொடுத்து, இரு படையாலும் கொள்ளையிடப்பட்ட குடியானவனுக்கு அந்நூல்களில் எத்தனை வரி?

1792இல் வாள் போய்க் கணக்குப் புத்தகம் வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில் அமர்ந்தார். மன்றோ, மெக்லியோடு, கிரகாம் ஆகியோர் துணையாளர்கள், எல்லாரும் படைக்காரர்கள். நிலம் அளக்கப்பட்டது, குடிக்குக் குடி தீர்வை கட்டப்பட்டது. ரயத்துவாரி முறையின் தொட்டில் இந்தப் பாரமகால்தான். அந்தத் தொட்டிலில் பயின்ற தாமசு மன்றோ பின்னர்ச் சென்னை மாகாணத்தின் ஆளுநரானார். குதிரைமேல் அமர்ந்த அவர் சிலை இன்றும் சென்னையில் நிற்கிறது. மன்றோ மற்றத் துரைகளைவிட நல்லவர் என்பார்கள், இருக்கட்டும். தீர்வை வாங்கியவருக்குச் சிலை உண்டு. தீர்வை கட்டியவனுக்கு எது? சென்னைச் சுற்றுலாவில் சிலையைக் காட்டுகிற ஆசிரியர், "இவர் கணக்குப் பயின்றது நம் ஊரில்தான், கட்டியவர் நம் பாட்டன்மார்தாம்" என்று ஒரு சொல் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் காடு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் வந்தது. காப்புக்காடு என்று கோடு கிழித்தார்கள். நேற்றுவரை மலைக்குச் சொந்தக்காரன். கோடு கிழித்த மறுநாள் அத்துமீறியவன்! புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று நாட்டின் பெயரையே தம் ஊர்களுக்குச் சூட்டிக்கொண்ட மலையாளிப் பழங்குடி மக்கள், தம் நாட்டிலேயே அயலார் ஆனார்கள். வன உரிமைச் சட்டம் வர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2015 ஏப்ரல் 7ஆம் நாளை மறந்துவிட்டோமா? ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் இருபது தமிழகத் தொழிலாளர்கள் அதிரடிப்படையால் சுட்டு வீழ்த்தப்பட்டனர். தற்காப்பு என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் ஏற்க மறுத்தன. மாண்டவர்களுள் சவ்வாது மலைப்பகுதியைச் சேர்ந்தோரும் உண்டு. செம்மரம் விற்றுச் செல்வம் சேர்த்தவன் எவனோ. கூலிக்குப் போய்க் குண்டடி பட்டவன் ஏழை. எல்லையில் ஏழை விழுவது பழங்கதை என்று எவர் சொல்வது? எருமைக்காக மாண்டவனுக்கு ஊர் கல் நட்டது. கூலிக்காக மாண்டவனுக்கு நாம் என்ன நட்டோம்?

மொன்டானாவில் நடந்தது

இது நமக்கு மட்டும் உள்ள நோயன்று. அமெரிக்காவில் எல்லைநாட்டு வரலாறு என்றாலே குடியேறிய வெள்ளையரின் வீரக்கதை என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயேன் முதலிய செவ்விந்திய மக்கள் தம் மண்ணுக்காகப் போரிட்டுக் கசுட்டரின் படையை வீழ்த்தினார்கள். தோற்ற கசுட்டரின் பெயரையே களத்துக்குச் சூட்டி வைத்தார்கள்! வீழ்ந்த வெள்ளை வீரர்களுக்கு வெண்பளிங்குக் கற்கள் 1890இலேயே நடப்பட்டன. வென்ற மண்ணின் மைந்தருக்கோ ஒன்றுமில்லை.

அம்மக்கள் விடவில்லை, கேட்டார்கள், போராடினார்கள். 1991இல் களத்தின் பெயர் மாற்றப்பட்டது. 1999 முதல் மாண்ட செவ்விந்திய வீரர்களுக்குச் செங்கருங்கற்கள் நடப்பட்டன. 2003இல் அவர்களுக்கென நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. ஆம், தோழர்களே! பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் செங்கத்தில் நம் முன்னோர் செய்ததை, வல்லரசு அமெரிக்கா இருபதாம் நூற்றாண்டின் முடிவில் செய்தது!

மூன்று மறுப்பும் விடையும்

"வயிற்றுக்கு வழியில்லாத மலையில் வரலாறு எதற்கு?" என்பார் ஒருசாரார். வயிற்றையும் வரலாற்றையும் பிரித்தது யார்? தன் நிலம் எப்படிப் போயிற்று என்று அறியாதவன் எப்படித் திரும்பக் கேட்பான்? பட்டா கேட்கும் மனுவின் முதல் பக்கம் வரலாறுதான்.

"கல்லெல்லாம் காட்சிசாலைக்குப் போகட்டும், அங்கே பார்க்கட்டும்" என்பார் இன்னொருசாரார். அழியும் நிலையில் உள்ள கல்லைக் காப்பிடத்துக்குக் கொண்டுபோவது தகும். ஊரார் காக்கும் கல்லைப் பெயர்ப்பதோ வேரைப் பிடுங்குவது. கூடத்தில் எண்ணிட்டு வைத்தால் அது கல். மாண்ட இடத்தில் நின்றால் அது மனிதன்.

"அவன் எங்கள் சாதிக்காரன்" என்று வீரனின் தோளில் துண்டு போட வருபவர் மூன்றாமவர். இவரே அனைவரினும் ஆபத்தானவர். ஊர் முழுவதற்காகவும் மாண்டவனை ஒரு தெருவுக்குள் அடைப்பது அவனை இரண்டாம் முறை கொல்வதாகும்!

செய்ய வேண்டியவை

குறை கூறிக் கலைவதற்காக இதை எழுதவில்லை. பணி இருக்கிறது.

ஒன்று: ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் உள்ள நடுகற்களைக் கணக்கெடுக்கட்டும். இடம், உருவம், எழுத்து உண்டா இல்லையா என்பதை ஏட்டில் குறித்துத் தொல்லியல் துறைக்கு எழுதட்டும். சுண்ணாம்போ வண்ணமோ பூச வேண்டாம் என்று ஊராரிடம் அன்போடு எடுத்துரைக்கட்டும். அவர்தம் வழிபாட்டை இகழ வேண்டாம்.

இரண்டு: சாலை விரிவுக்கும் கல்லுடைப்புக்கும் அவை இரையாகாமல் காக்க ஊராட்சி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரட்டும்.

மூன்று: மாவட்டத்துப் பள்ளிகளின் சுற்றுலாவில் ஒரு நாள் இம்மலைக்கும் இக்கற்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டுமெனக் கல்வித்துறையைக் கேட்போம். வழிகாட்டிகளாக மலையில் படித்த இளைஞரையும் பெண்களையும் பயிற்சி தந்து அமர்த்த வேண்டும். முறையான ஊதியம் தர வேண்டும். தம் கதையைத் தம் வாயால் அவர்கள் சொல்லட்டும்.

நான்கு: மலையேறும் பிள்ளைகள் மலைப் பிள்ளைகளைக் காட்சிப்பொருளாகப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்பும் இழிவு ஒழிய வேண்டும். இரு பள்ளி மாணவரும் ஒரே பந்தியில் அமர்ந்து சாமைச் சோறு உண்ணட்டும். மலைப் பள்ளிப் பிள்ளைகளையும் அரசுச் செலவில் வேலூருக்கும் சென்னைக்கும் கீழடிக்கும் அழைத்துச் செல்லட்டும். பார்க்கப்படுவதற்கு ஒரு கூட்டம், பார்ப்பதற்கு ஒரு கூட்டம் என்ற பிரிவினையை எந்த வரலாற்றுப் பாடமும் வளர்க்கக் கூடாது.

ஐந்து: நம் படிப்பகங்களில் ஞாயிறுதோறும் ஒரு கல்லின் கதை பேசப்படட்டும். வட்டெழுத்து அறிந்த பேராசிரியர்களை அழையுங்கள். அதே மேடையில் மலையின் முதியோரையும் அமர வையுங்கள்.

தோழர்களே! கோட்டை பேசும், அதற்குப் பராமரிப்புண்டு, பலகையுண்டு, நுழைவாயிலுண்டு. கல்லுக்குப் பேச நாம்தான் உண்டு. எல்லையைக் காத்தவன் பெயரை எல்லைக்குள் வாழும் பிள்ளை அறியாதிருப்பது நமக்கு அழகன்று. ஏட்டை எடுங்கள், கிளைத் தோழர்களை அழையுங்கள், வருகிற ஞாயிறன்றே உங்கள் ஊர் ஏரிக்கரையிலிருந்து கணக்கெடுப்பைத் தொடங்குங்கள்!