கூரைக்கும் கணக்கு உண்டு

வீடு கட்டுவோரும் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும் சுவருக்கு எந்த நிறம் பூசலாம் என்று பல நாள் யோசிக்கின்றனர். தரைக்குப் பதிக்கும் கல்லைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகின்றனர். கூரையின் முறை வரும்போது மட்டும், “பக்கத்து வீட்டில் போட்டதையே போட்டுவிடலாம்” என்றோ, “விலை குறைந்தது எதுவோ அதைப் போடுங்கள்” என்றோ ஒரே பேச்சில் முடித்துவிடுகின்றனர். ஆனால், நாள்தோறும் வெயிலையும் மழையையும் நேருக்கு நேர் தாங்குவது சுவரன்று, கூரையே. ஆகவே, கூரையைக் கௌரவத்துக்காகவோ கடைச் சீட்டில் உள்ள விலைக்காகவோ தேர்ந்தெடுப்பது பொருந்தாது. வீடு நிற்கும் இடத்தின் தட்பவெப்பம், அதைத் தாங்கும் சட்டத்தின் வலிமை, குடும்பத்தின் நெடுநாள் செலவு ஆகிய மூன்றையும் கணக்கிட்டே கூரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் தட்பவெப்பத்தைப் பார்ப்போம். மலேசியா நிலநடுக்கோட்டை ஒட்டி அமைந்துள்ள நாடு. ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கிறது. அதனால், சுவர்களைவிடக் கூரையே மிகுதியான வெயிலை வாங்குகிறது. வரிசை வீடுகளில் இந்த நிலை இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே இரு பக்கச் சுவர்களும் அண்டை வீடுகளோடு ஒட்டியிருப்பதால், வெப்பம் உள்ளே வரும் பெரிய வழி கூரைதான். மழையோ அதற்குச் சற்றும் குறைந்ததன்று. தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். அப்படியானால், 100 சதுர மீட்டர் கூரை ஓராண்டில் இரண்டரை இலட்சம் லிட்டர் நீரை வழியனுப்ப வேண்டியுள்ளது. இத்தனை வெயிலையும் இத்தனை மழையையும் ஏற்கும் கூரையை அரை மனத்தோடு தேர்ந்தெடுக்கலாமா?

இந்நாட்டு மக்கள் பலவகைக் கூரைகளின் கீழ் வாழ்ந்து பழகியவர்கள். கம்பத்து வீடுகளுக்கு நீப்பா ஓலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரை குளிர்ச்சியைத் தந்தது. ஆனால், அது எளிதில் தீப்பற்றும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். ஜார்ஜ் டவுன், மலாக்கா ஆகிய நகரங்களின் பழைய கடைவீடுகளில் சிவந்த களிமண் ஓடுகளை இன்றும் காணலாம். இரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் வாழ்ந்த லயங்களிலோ தகரக் கூரையே பரவலாக இருந்தது. தகரம் என்று மக்கள் அழைப்பது உண்மையில் துத்தநாகம் பூசிய எஃகுத் தகடாகும். பகலில் அதன் கீழ் இருக்க முடியாத வெக்கை. மழை பெய்தால் பேசுவது கேட்காத இரைச்சல். அந்த வெக்கையைத் தாங்கி வளர்ந்த தலைமுறை, சொந்த வீடு வாங்கியபோது ஓட்டுக் கூரையை முன்னேற்றத்தின் அடையாளமாகக் கருதியதில் வியப்பில்லை.

அந்த ஆசை தவறன்று. எனினும், அந்த ஆசையே கணக்கை மறைக்கும்போது சிக்கல் எழுகிறது. பழைய வீட்டின் தகரத்தைக் கழற்றிவிட்டு, அதே மரச்சட்டத்தின் மீது சிமெண்டு ஓடுகளை அடுக்க விரும்புவோர் உண்டு. இது மிகவும் ஆபத்தான எண்ணமாகும். கூரைத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் எடை உடையது. சிமெண்டு ஓடுகளோ அதே பரப்புக்கு 40 முதல் 50 கிலோகிராம் வரை இருக்கும். அதாவது, 100 சதுர மீட்டர் கூரையில் அரை டன் எடை இருந்த இடத்தில் 4 முதல் 5 டன் எடை ஏறுகிறது. தகரத்துக்காக அமைத்த சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது. போதாக்குறைக்கு, கரையான் அரித்த மரமாக இருந்தால் கூரை தொய்ந்துவிடும். இடிந்து விழவும் கூடும். ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பது பணத்துக்கு மட்டும் சொன்னதன்று. கூரைச் சட்டத்துக்கும் அது பொருந்தும்.

சாய்வும் இதைப் போன்றதே. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்பவை. அவற்றின் மீது விழும் நீர் விரைந்து வடிந்தால்தான் இடுக்குகள் வழியே உள்ளே புகாது. ஆகையால், பொதுவாக ஓட்டுக் கூரைக்கு 20 பாகை அளவிலாவது சாய்வு வேண்டும். வீட்டின் பின்புறம் அடுப்பங்கரையை நீட்டிக் கட்டும்போது அவ்வளவு சாய்வுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. அங்கே ஓடு போட்டால், காற்றோடு பெய்யும் மழையில் நீர் மேலேறி ஒழுகும். சில வகைத் தகடுகளுக்கோ 5 பாகைச் சாய்வே போதும். எனவே, ஒரே வீட்டிலும் முன்பகுதிக்கு ஓடும் பின்பகுதிக்குத் தகடும் பொருந்துவது உண்டு. அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

ஓட்டுக்கும் தனிச்சிறப்புகள் உள்ளன என்பதை மறுக்க முடியாது. தடித்த ஓடு மெல்லச் சூடேறும், மழையின் ஒலியை அடக்கும், துருப்பிடிக்காது. ஓர் ஓடு உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். தொடக்கத்திலிருந்தே வலுவான சட்டமும் போதிய சாய்வும் அமைத்துக் கட்டும் புதிய வீட்டுக்கு ஓடு நல்ல தேர்வாகும். ஆனால், ஓடு போட்டாலே வீடு குளிர்ந்துவிடும் என்பது முழு உண்மையன்று. பகலெல்லாம் வெயிலை வாங்கிச் சேமித்த ஓடு, மாலையிலும் இரவிலும் அந்தச் சூட்டை உள்ளே விடுகிறது. வெப்பத் தடுப்பு இல்லாத ஓட்டு வீட்டில், மேல்மாடிப் படுக்கையறை இரவிலும் புழுங்குவதற்கு இது ஒரு காரணமாகும்.

மறுபுறம், தகரத்தின் மீதுள்ள பழைய கசப்பும் இன்றைய நிலைக்கு முற்றிலும் பொருந்தாது. லயத்து வீடுகளில் வெயிலுக்கும் மனிதருக்கும் இடையே மெல்லிய தகடு ஒன்றே இருந்தது. இருண்ட நிறத் தகடு நண்பகலில் 60 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறும். அந்தச் சூடு கதிர்களாகக் கீழே பாயும். இன்று இதைத் தடுக்க எளிய வழிகள் உள்ளன. முதலாவது, வெளிர் நிறம். புதிய வெள்ளைப் பூச்சு சூரிய வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கரிய பூச்சோ பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். இரண்டாவது, தகட்டின் அடியில் விரிக்கும் பளபளப்பான அலுமினியத் தாள். அது தகட்டிலிருந்து கீழே இறங்கும் வெப்பக் கதிர்களைத் தடுக்கிறது. மூன்றாவது, கல்லை உருக்கி இழையாக்கிச் செய்த பஞ்சு. அது வெப்பத்தோடு மழையின் இரைச்சலையும் குறைக்கிறது. இவற்றோடு உட்கூரையும் சூடான காற்று வெளியேறும் வழியும் அமைந்தால், தகட்டுக் கூரையின் கீழும் நிம்மதியாக வாழலாம்.

ஆயினும், இப்பொருள்களை வாங்கினால் மட்டும் போதாது. முறையாகப் பொருத்தவும் வேண்டும். அலுமினியத் தாளின் பளபளப்பான பக்கத்தை ஒட்டிச் சிறிது காற்றிடைவெளி இருக்க வேண்டும். தகட்டோடு இரு பக்கமும் ஒட்டிக் கிடந்தால் சூடு நேரே கடந்துவிடும்; தாள் விரித்ததன் பயனே இல்லாமல் போகும். திருகாணிகளிலும் கவனம் தேவை. அதிகாலையில் 25 பாகை அளவில் குளிர்ந்திருக்கும் தகடு, நண்பகலில் 65 பாகைக்குச் சூடேறினால், 10 மீட்டர் நீளமுள்ள தகடு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீள்கிறது, பிறகு சுருங்குகிறது. நாள்தோறும் நடக்கும் இந்த இழுபறியில் திருகாணி தளரும். அதன் இரப்பர் வளையம் நைந்து போகும். பல வீடுகளில் கூரை ஒழுகத் தொடங்குவது தகட்டிலன்று. இந்தத் திருகாணித் துளைகளில்தான்.

வீடு அமைந்துள்ள இடமும் தேர்வை மாற்றும். கடலோரக் காற்றில் உப்பு கலந்திருப்பதால் சாதாரணத் துத்தநாகப் பூச்சு விரைவில் தேய்ந்து, எஃகு துருப்பிடிக்கும். அங்கே அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுடைய தகடோ ஓடோ நீடித்து உழைக்கும். புயற்காற்று வீசும் சமவெளிகளில், காற்று கூரையின் ஓரங்களையும் மூலைகளையுமே மிகுதியாக மேலிழுக்கும். ஆகவே, அங்கு இலேசான தகட்டைப் பயன்படுத்துவோர் ஓரங்களில் திருகாணிகளை நெருக்கமாகப் பொருத்த வேண்டும். பெரிய மரங்களின் அருகில் உள்ள வீட்டில், இலைகள் விழுந்து கூரை நீரை ஏந்திச் செல்லும் பீலியை அடைத்துக்கொள்ளும். தேங்கிய நீர் வீட்டுக்குள் வழிவதோடு, ஏடிஸ் கொசுக்களுக்கும் இருப்பிடமாகிவிடும். கூரை என்பது மேலே போடும் பொருள் மட்டுமன்று; சட்டம், சாய்வு, வெளிநீட்டம், பீலி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே கூரை.

பழைய வீடுகளில் மற்றோர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. முற்காலத்தில் போடப்பட்ட சில நெளிவுத் தகடுகளில் கல்நார் கலந்திருக்கும். அதை உடைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறந்து மூச்சோடு உள்ளே செல்லும். அவை நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் உண்டாக்க வல்லவை. செலவை மிச்சப்படுத்த எண்ணி, வீட்டாரே ஏறி அதைக் கழற்றக் கூடாது. பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அதை அகற்ற வேண்டும்.

இனிச் செலவுக் கணக்குக்கு வருவோம். ஒரு கூரைக்கு 8,000 ரிங்கிட் ஆகிறது. அது 10 ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்றுக்கு 12,000 ரிங்கிட் ஆகிறது; அது 20 ஆண்டுகள் உழைக்கும். கடையில் பார்க்கும்போது முதலாவதே மலிவு. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் முதலாவதற்கு 800 ரிங்கிட்டும் இரண்டாவதற்கு 600 ரிங்கிட்டும் ஆகின்றன. வெக்கையைத் தணிக்கக் குளிர்சாதனத்துக்குச் செலுத்தும் மின்கட்டணத்தையும், ஒழுகலைச் சரிசெய்யும் கூலியையும் சேர்த்தால் வேறுபாடு மேலும் கூடும். மலிவானது எது என்பதைக் கடைச் சீட்டு சொல்லாது, ஆண்டுகள்தாம் சொல்லும்.

“கையில் இருப்பதே 8,000 ரிங்கிட், கூடுதலான 4,000 ரிங்கிட்டுக்கு எங்கே போவது?” என்று ஒரு குடும்பம் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. எல்லாருக்கும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது. அத்தகைய குடும்பத்துக்குச் செலவைக் காட்டிலும் அதன் வரிசையே முக்கியம். முதலில் சட்டத்தைச் சோதித்துப் பழுதான மரத்தை மாற்ற வேண்டும். அடுத்து, வெளிர் நிறத் தகட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; பெரும்பாலும் அதற்குக் கூடுதல் செலவில்லை. பிறகு, தகடு போடும்போதே அதன் அடியில் அலுமினியத் தாளை விரித்துவிட வேண்டும். கூரை மூடிய பின்னர் அதைச் செய்வது கடினம். உட்கூரையையும் பஞ்சையும் பணம் சேர்ந்த பிறகு அமைத்துக்கொள்ளலாம். கடன் வாங்கி ஓடு போட்டு, வெப்பத் தடுப்புக்குப் பணமின்றி நிற்பதைவிட இது பன்மடங்கு மேலானது. ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்று முன்னோர் சொன்னதும் இதைத்தான்.

இப்பொறுப்பைக் குடும்பங்களின் தோளில் மட்டும் ஏற்றுவதும் முறையன்று. குறைந்த விலை வீடு என்பதற்காக வெப்பத் தடுப்பே இல்லாமல் கட்டிக் கொடுத்தால், மேம்பாட்டாளர் மிச்சப்படுத்திய தொகையை வீட்டுக்காரர் மின்கட்டணமாக ஆண்டுதோறும் செலுத்த நேரிடும். குறைந்த வருமானம் உடையவர்கள்தாம் குளிர்சாதனம் இல்லாமல் வாழ்கின்றனர். ஆகவே, நல்ல கூரை முதலில் தேவைப்படுவதும் அவர்களுக்கே. குத்தகையாளர்களும் பொருளின் விலையை மட்டும் சொல்லாமல் அதன் எடை, தேவையான சாய்வு, பூச்சின் வகை, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுத்து வடிவில் தர வேண்டும். வீட்டாரும் கூச்சமின்றி அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். புதுப்பிப்பு வேலையைத் தொடங்குமுன் நகராண்மைக் கழகத்தின் அனுமதியைப் பற்றி விசாரிப்பதும் அவசியமாகும்.

இந்தக் கணக்கில் மாணவர்களுக்கும் பங்குண்டு. பரப்பு, எடை, வெப்பம், விரிவு ஆகியவற்றைப் பள்ளியில் படிப்பவர்கள் அவர்கள். வீட்டில் கூரையைப் பற்றிப் பேச்சு எழும்போது, சட்டம் எவ்வளவு எடை தாங்கும் என்றும், தாள் விரிக்கப் போகிறார்களா என்றும் ஒரு மாணவர் கேட்டால், அந்தக் கேள்வியே குடும்பத்துக்குப் பல ஆயிரம் ரிங்கிட்டை மிச்சப்படுத்தக்கூடும்.

சுருங்கக் கூறின், ஓடு உயர்ந்ததும் அன்று. தகரம் தாழ்ந்ததும் அன்று. இடத்துக்கும் சட்டத்துக்கும் வருமானத்துக்கும் பொருந்தி நிற்பதே சிறந்த கூரை. தெருவில் நடப்பவர் ஒரு நொடி அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதன் கீழ் உண்டு, உறங்கி, படித்து வாழப்போவது அந்தக் குடும்பந்தான். ஆதலால், கூரை யார் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்பதைவிட, யாருக்கு நிழல் தர வேண்டும் என்பதையே முதலில் எண்ண வேண்டும்.