அரைமண்டிக்கு என்ன அவசரம்?
ஆண்டு விழா நெருங்கினால் போதும், சில பரதநாட்டிய வகுப்புகளில் பிள்ளைகளின் தொடையை அழுத்தி, முழங்காலை வெளிப்புறமாக மடித்து அரையாக அமரும் அரைமண்டியை அகலப்படுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கால் வெளிப்புறம் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டிலிருந்து. அங்கே திரும்பாததைப் பாதத்தைத் திருப்பி ஈடுகட்டினால் முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும். இடுப்புக் குழியின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. எலும்பை எந்த நீட்சிப் பயிற்சியும் மாற்றாது. தசையை இளக்கலாம், அதுவும் உடம்பு சூடேறிய பிறகு. தட்டடவும் நாட்டடவும் முடித்து வியர்த்திருக்கும்போது உள்தொடையை 30 விநாடி, மூச்சை அடக்காமல், நீட்டிப் பிடிக்கலாம். பலன் தெரிய வாரங்கள் ஆகும். வகுப்புக்கு முன்பே குளிர்ந்த உடம்பை நிமிடக்கணக்கில் இழுத்துவைத்தால் குதிக்கும் வலுவும் சற்று நேரம் குறையும். பிள்ளை முதன்முதலில் சலங்கை கட்டும் சலங்கை பூஜைக்குத் தேதி குறித்துவிட்ட பெற்றோரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!