கூட்டம் கணக்கல்ல

"கிராம சேவகரிடம் எல்லோருடைய விபரமும் இருக்கிறது, வாக்காளர் இடாப்பும் இருக்கிறது, பிறகு எதற்குத் தொகைமதிப்பு?" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

1. வாக்காளர் இடாப்பில் சிறுவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தையும் தடுப்பூசியையும் எந்தக் கணக்கை வைத்துத் திட்டமிடுவது?

2. வஹகோட்டை ஊரிலுள்ள அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்கு யூன் மாதத்தில் ஊர் கொள்ளாத சனம். மறுநாள் அவர்கள் போய்விடுவார்கள். மிச்ச நாட்களில் தண்ணீரும் மருந்தும் யாருக்கு வேண்டும்? அங்கேயே வசிப்பவர்களுக்கு. அவர்களை எண்ணுவதுதான் தொகைமதிப்பு.

3. "என் ஒரு வீடு விடுபட்டால் என்ன?" ஒவ்வொரு வீடும் இப்படியே சொன்னால் மாகாணத்தின் கணக்கே குறைந்துவிடும். மாகாணங்களுக்கு நிதி பகிர நிதி ஆணைக்குழு கவனிக்க வேண்டியவற்றுள் சனத்தொகையை இலங்கை அரசியலமைப்பே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

4. எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி தொலைவில் இல்லை. 2001இல் போரினால் 18 மாவட்டங்களில் மட்டுமே தொகைமதிப்பு முழுமையாக நடந்தது. 1981க்குப் பிறகு நாடு முழுவதற்குமான கணக்குக் கிடைக்க 2012 வரை காத்திருந்தோம். அந்த 31 ஆண்டுகளில் வடக்கு கிழக்கின் பெரும்பகுதிக்கு முழுமையான தொகைமதிப்பு இருக்கவில்லை.

கணக்கெடுப்பவர் வந்தால் கதவைத் திறந்து, உள்ளதைச் சொல்லுங்கள்.